கிழக்கே மட்டும் ஓடும் சக்கரம்

ஆடி பிறந்துவிட்டால் அம்பாசமுத்திரத்தில் ஆண்பிள்ளைகள் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். மலையிலிருந்து இறங்குகிற மேல்காற்று அப்படி. 1996-ஆம் வருஷத்து ஆடியில் வேட்டிகள் எப்படியோ தப்பித்துக்கொண்டன, புத்திதான் பறந்துவிட்டது. பாபநாசம் ரோட்டில், ரைஸ்மில் வாசலில், ஐயோ, என்ன கூட்டம்! சுண்டல்காரன் வந்துவிட்டான், ஐஸ்வண்டி வந்துவிட்டது, பலூன் விற்கிறவன்கூட வந்துவிட்டான். எல்லாம் எதற்கு? ஒரு ஜோடி சைக்கிள் சக்கரத்தைக் கும்பிட!

சக்கரம் என்றால் நம்முடைய கம்பிச் சக்கரம் இல்லை. கம்பியே தெரியாமல் இரண்டு பக்கமும் தகடு போட்டு மூடி, கரேல் என்று வர்ணம் அடித்து, நடுவில் மஞ்சளில் ஓர் எந்திரம் வரைந்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு ஸ்டூலில் ஏற்றி வைத்திருந்தது. பெயர் வாயுச் சக்கரம். ஜோடி ஒன்பதாயிரம் ரூபாய். அந்த விலைக்கு ஆறு புதுச் சைக்கிள் வாங்கலாம். ஆறு சைக்கிளுக்கும் பன்னிரண்டு சக்கரம் வரும், ஆனால் ஒன்றில்கூடக் குங்குமம் இருக்காதே!

ஸ்டூலுக்குப் பக்கத்தில் வாயுதாசர். மேலே காவி ஜிப்பா, கீழே அரைக்கால் சட்டை, கான்வாஸ் ஷூ. கழுத்தில் ருத்திராட்சம், அதோடு ஒரு விசில். பாதி சாமியார், பாதி டிரில் மாஸ்டர். மைக்கைப் பிடித்தார் என்றால் விடமாட்டார்.

"டி.வி.யில ஒலிம்பிக் பாத்தீகளா? வெள்ளைக்காரன் சைக்கிள்ல கம்பி தெரிஞ்சுதா? தெரியாது! காத்தைக் கட்டிப் போட்டுட்டான்! அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? இந்தா நிக்கிதே பொதிகை மலை, இங்கன இருந்த சித்தருங்க! அந்தச் சுவடிய அவன் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான்!"

எந்தச் சித்தர், எந்தச் சுவடி, எந்தக் கப்பல் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. கை தட்டினார்கள். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

கூட்டத்தின் முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான் இசக்கிதுரை. கல்லிடைக்குறிச்சிக்காரன், சைக்கிளில் கேன் கட்டி வீடுவீடாகப் பால் ஊற்றுகிறவன். வயது முப்பத்திரண்டு, ஆசை மட்டும் பதினெட்டு. ஆடிக் கடைசி ஞாயிறு இளைஞர் மன்றத்தார் முக்கூட்டுப் பந்தயம் நடத்துவார்கள். தாமிரபரணியில் நீச்சல், பாபநாசம் ரோட்டில் சைக்கிள், அப்புறம் ஓட்டம். ஜெயித்தவனுக்கு ஒரு கோப்பை, ஒரு மேசை விசிறி. போன வருஷம் இசக்கிதுரை ஆற்றை விட்டு முதல் ஆளாகத்தான் ஏறினான். சைக்கிளில் நாலு பேர் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். தான் மெதுவாக மிதித்தோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. குற்றம் சக்கரத்தின் தலையில் விழுந்தது.

ஒன்பதாயிரத்துக்கு எங்கே போவான்? வீட்டில் ஒரு எருமை நின்றது. மனைவி முத்துராணிக்கு அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது, வேளைக்கு நாலு லிட்டர் கறக்கிறது. அதை விற்றுவிட்டுச் சக்கரம் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டான். பால்காரன் எருமையை விற்று, பால் ஊற்றுகிற சைக்கிளை வேகமாக்கப் போகிறானாம்! எதை ஊற்றுவதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அதை அவனிடம் கேட்க ஆளில்லை. முத்துராணி அப்பளம் போடுகிற வீட்டுக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து எருமையை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். தரகர் பிச்சைக்கண்ணு ரைஸ்மில் வேப்பமரத்தடியில் தயாராக நின்றார். எருமையின் வாயைத் திறந்து பல்லை எண்ணினார், மடியைத் தடவினார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்தார். கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"முதல்ல சோதனை! அப்புறம்தான் விற்பனை!" என்று விசில் ஊதினார் வாயுதாசர். "ஒரே சைக்கிள், ஒரே ஆளு, சக்கரத்தை மட்டும் மாத்துதோம். நேரம் பாக்கப்போறது யாரு? பௌதிக வாத்தியார் குமரகுருபரன் அவுக!"

சார் கையில் பள்ளிக்கூடத்து ஸ்டாப்வாட்ச். இருபது வருஷமாகக் காற்றழுத்தம் நடத்துகிறவர். காலையில் சக்கரத்துக்கு முதல் சூடம் கொளுத்தினவரும் அவர்தான்.

ஏற்பாடு இப்படி. ரைஸ்மில்லிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டரில் ஒரு கால்வாய்ப் பாலம். அதுவரைக்கும் சாதாச் சக்கரத்தில் போக வேண்டும். பாலத்தில் வாயுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து ரைஸ்மில்லுக்குத் திரும்ப வேண்டும். ஏன் அப்படியே மாற்றிச் செய்யக் கூடாது? அதற்கும் பதில் இருந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஞாயிறும் வெள்ளியும் மேக்க சூலம்! பூசை பண்ணின சக்கரத்தைச் சூலத்துக்கு எதிரா உருட்டலாமா?"

"கூடாது, கூடாது!" என்றது கூட்டம். நாள் பார்த்துச் சூலம் பார்த்துப் பொண்ணு பார்க்கப் போகிற ஊர். வாயுதாசர் வெள்ளியும் ஞாயிறும் மட்டுமே கடை விரிக்கிறார் என்பதை யார் கவனித்தது?

'நான் ஓட்டுதேன்' என்று முன்னால் குதித்த இசக்கிதுரை சாதாச் சக்கரத்தில் கிளம்பினான். வாயுச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு சார் மொபெட்டில் பின்னாலேயே போனார். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது, சாலை பைய மேடேறியது, நாக்கு வெளியே தள்ளிவிட்டது. பாலம் வர ஒன்பது நிமிஷம். அங்கே சக்கரத்தை மாற்றினார்கள். ஆஹா! மிதித்ததுதான் தெரியும், சைக்கிள் பறந்தது! முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. 'சித்தர்தான்! சித்தரேதான்!' என்று அவனுக்குப் புல்லரித்துவிட்டது. ரைஸ்மில்லுக்கு வந்து சேர ஐந்தே நிமிஷம்.

"ஒம்பதுக்கு அஞ்சு! விஞ்ஞானபூர்வமா நிரூபணம் ஆயிட்டு!" என்று சார் மைக்கில் கத்தினார். கடிகாரம் பொய் சொல்லவில்லை, பாவம், அதற்குத் திசை தெரியாது.

பதினோரு பேர் அந்த இடத்திலேயே முன்பணம் கட்டினார்கள். வாயுதாசரின் மஞ்சள் பை உப்பிப்போயிற்று. இசக்கிதுரை வேப்பமரத்தடிக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, ரூவாயக் குடும்!"

"யாருலே என் எருமைய விக்கது?"

முத்துராணி! கையெல்லாம் உளுந்து மாவு, இடுப்பில் செருகிய சேலை, வந்த வேகத்தில் மூச்சு இரைக்கிறது. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். வந்தவள் நேராகப் பிச்சைக்கண்ணு கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள்.

இசக்கிதுரை அசடு வழிந்தான். "ஏட்டி, கோவப்படாத. ஒம்பது நிமிசம் அஞ்சு நிமிசமா ஆயிட்டு தெரியுமா? சார் கணக்குப் பாத்துச் சொல்லுதாவ!"

"எங்கன இருந்து எங்கன போனீக?"

சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அட கூறுகெட்ட மனுசா! இந்த ஆடியில நான் காயப்போட்ட அப்பளம் தினமும் எந்தத் தெருவுல போய்க் கிடக்கு? கிழக்குத் தெருவுல! ஒரு நாளாவது மேலத் தெருவுக்குப் போயிருக்கா? என் அப்பளத்துக்கு எந்தச் சித்தர் சக்கரம் மாட்டிவிட்டாரு?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சார் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார்.

"சாமி," என்று முத்துராணி வாயுதாசர் பக்கம் திரும்பினாள். "எருமை என்னுது. விக்கணும்னா ஒண்ணே ஒண்ணு. இந்தச் சக்கரத்துல மேக்க போகட்டும், சாதாச் சக்கரத்துல திரும்பி வரட்டும். சக்கரம் செயிச்சா எருமைய நானே அவுத்துத் தாரேன்."

"அம்மா! மேக்க சூலம்! அபச்சாரம்!"

"சூலத்துக்குப் பரிகாரம் உண்டா இல்லியா? உம்ம பஞ்சாங்கத்துலயே போட்டிருக்குமே!"

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார், "மேக்க சூலத்துக்கு வெல்லம்! வெல்லந் தின்னுட்டுப் போனா தோசமில்ல!"

ரைஸ்மில்லுக்கு எதிரே பலசரக்குக் கடை. முத்துராணி ஒரு உருண்டை மண்டைவெல்லம் வாங்கி வந்து, ஒரு துண்டை உடைத்துப் புருஷன் வாயில் திணித்தாள். மிச்சத்தை வாயுதாசரிடம் நீட்டினாள். "நீரும் ஒரு கடி கடியும். சூலம் தீந்துது. ஓட்டுங்க மேக்க!"

கூட்டம் ஹோ என்று சிரித்தது. வாயுதாசர் விசிலை வாயில் வைத்தார், ஊத வரவில்லை. மில் மினிலாரி ஒன்று பாபநாசம் பக்கம் கிளம்பி நின்றது. முத்துராணி ஏறினாள், முன்பணம் கட்டின பதினோரு பேரும் ஏறினார்கள், வாயுதாசரையும் அன்போடு தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். சாதாச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு சார் மொபெட்டில். எருமைக்கயிறு மறுபடி பிச்சைக்கண்ணு கையில்.

இசக்கிதுரை மிதித்தான். வெல்லம் வாயில் கரைந்தது, சக்கரம் மட்டும் நகர மாட்டேன் என்றது. கனம் வேறு! 'சித்தரே, ஒரு கை குடும்' என்று மனசுக்குள் கெஞ்சினான். சித்தர் அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்று தள்ளினார். பாலம் வந்தபோது சார் பட்டனை அமுக்கினார்.

"பத்து நிமிஷம், இருபது விநாடி," என்றார்.

அத்தோடு நின்றிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். அவன் சைக்கிளைத் திருப்பினான். அகலமான இரண்டு தகட்டுச் சக்கரமும் காற்றுக்கு முழுசாகக் குறுக்கே நின்றன. வந்தது ஒரு காற்று! சைக்கிளோடு இசக்கிதுரையை அலாக்காகத் தூக்கி வயலுக்குள் தள்ளிவிட்டது. கார்நடவு முடிந்த வயல், முழங்கால் தண்ணீர். தவளையெல்லாம் அலறியடித்துக்கொண்டு ஓடின.

பதினோரு பேர் இறங்கி அவனைத் தூக்கினார்கள். அப்புறம் சக்கரத்தைத் தூக்கினார்கள். தூக்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கறுப்பு வர்ணம் சுவரில் அடிக்கிற டிஸ்டெம்பர். தண்ணீர் பட்டதும் எந்திரத்தோடு, குங்குமத்தோடு வழிந்துகொண்டு போயிற்று. கீழேயிருந்து ஒரு பொம்பளை முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்தாள். பழைய பல்பொடி விளம்பரத் தகடு!

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். சேற்றில் உட்கார்ந்தபடி இசக்கிதுரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்திரிங்க, இன்னும் பாதி இருக்கு," என்றாள் முத்துராணி. பழைய சக்கரத்தை மாட்டிவிட்டார்கள். சொட்டச் சொட்ட ஏறி மிதித்தான். ரைஸ்மில்லுக்கு நாலு நிமிஷம் ஐம்பது விநாடி. சித்தர் சாதாச் சக்கரத்தையும் தள்ளிவிட்டார்!

லாரி வந்து நின்றதும் வாயுதாசர் குதித்தார், திருநெல்வேலி பஸ்ஸின் பின்னால் ஓடினார். ஜிப்பா கழன்று ஒருவன் கையில் வந்தது, மஞ்சள் பை இன்னொருவன் கையில் வந்தது, ஆள் கடைசியாகப் பிச்சைக்கண்ணு பிடியில் வந்தார். விசாரித்ததில் பெயர் தாணுமாலையன், தொழில் தகரக்கடை. முன்பணம் பதினோரு பேருக்கும் திரும்பியது. போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரை நடத்திக்கொண்டு போனபோதும் ஒருவன் பழக்கதோஷத்தில் கும்பிட்டான்.

பிச்சைக்கண்ணு சத்தமாகச் சொன்னார், "ஏலே, நான் எருமைய வாங்குதேன், பல்லை எண்ணுதேன். நீங்க ஒம்பதாயிரத்துக்கு வாங்குதீக, ஒருத்தனாவது நகத்தால சுரண்டிப் பாத்தீகளா?"

குமரகுருபரன் சார் தலை நிமிரவில்லை. "அசல் சக்கரம் ஒண்ணு இருக்குதான் தாயி," என்று முத்துராணியிடம் மெதுவாக ஆரம்பித்தார். "வேகமா போறவனுக்கு அதுல சில விநாடி மிச்சமாகும்."

"இருக்கட்டும் சார். ஒலிம்பிக்காரன் விநாடிய எண்ணுவான். இவுக பாதிவழியில ரெண்டு டீக்கடையில நிக்கிற ஆளு. டீயை விட்டாலே பத்து நிமிசம் மிச்சம்."

இசக்கிதுரை எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "மன்னிச்சுக்கிடு," என்றான். மனைவியிடம் சொன்னானா எருமையிடம் சொன்னானா தெரியாது. கயிறு முத்துராணி கைக்கு வந்தது. அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் எருமையைத் திருப்பியபோது, பின்னால் ஒரு வரிசை நின்றது. முன்பணம் கட்டின பதினோரு பேரும், இருபது பெண்களும். முதல் ஆள் பயபக்தியோடு இரண்டு கையையும் ஏந்தினான்.

"அம்மா, உங்க கையில ஒரு சக்தி இருக்கு. அந்த வெல்லத்துல ஒரு துண்டு குடுங்க, பூசையறையில வைக்கேன்."

முத்துராணி மிச்சமிருந்த வெல்லத்தைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். வெல்லத்தை எருமை வாயில் போட்டாள்.

"அதுக்காவது தின்னுட்டு அசை போடத் தெரியும்," என்றாள். "நீங்க எதைக் குடுத்தாலும் அப்படியே முழுங்குதீகளே!"