பாயச அண்ணாவின் முழங்கை

திருவனந்தபுரத்தில் பாயச அண்ணா பரிமாறாத கல்யாணம் செல்லாது என்பது என் கட்சி. வலியசாலைப் பக்கம் எந்தப் பந்தியானாலும் பிரதமன் பாயச வாளியோடு அவர் இருப்பார். தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டு நானும் இருப்பேன். "மதி, போதும்" என்று இலையை மறைத்தால் விரலிடுக்கில் ஊற்றுவார்.

"மதின்னு சொல்றவாதான் மனசுக்குள்ளே இன்னொரு கரண்டி கேக்கறா!"

முடக்குவாதம் முற்றி, விரல்கள் வாளியைப் பிடிக்க மறுத்ததும், அதை முன்கையில் மாட்டிக்கொண்டார். கரண்டிக் காம்பில் துணி சுற்றினார். முழங்கையில் நெல்லிக்காய் போல இரண்டு கட்டிகள். வாதத்தோடு வருபவை, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணா ஒன்றுக்குப் பாலடை, மற்றதற்குச் சக்கப்பிரதமன் என்று பாயசப் பெயராகவே வைத்தார்.

ஆனால் சட்டை போடாமல் பரிமாறுகிற ஊர். உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மூக்குக்கு நேரே வருவது பரிமாறுகிறவன் முழங்கைதானே! சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு கல்யாணத்தன்று சமையல் காண்டிராக்டர் கூப்பிட்டுச் சொன்னார்:

"அண்ணா, இன்னிக்கு ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தா, நாளைலேர்ந்து உள்ளே காய் நறுக்கிக்கோங்கோ."

"இந்த விரல் கத்தி பிடிக்குமாடா? நேரே ஆத்துக்குப் போன்னு சொல்லேன்!"

அன்றைய பந்தியில் பிள்ளை வீட்டு மாமா ஒருவர், அண்ணாவின் முழங்கையைப் பார்த்ததும் இரண்டு கையாலும் இலையை மூடினார்.

"எந்தா ஓய் இது? ஒட்டுவாரொட்டியா?"

காண்டிராக்டர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். அண்ணா கரண்டியைத் தாழ்த்தினார்.

"வாதமாக்கும் மாமா. என் உடம்புக்கு என்னோட சண்டை போடவே நேரம் போறலை. உங்ககிட்டே எங்கே வரப்போறது?"

மாமா கையை எடுக்கவில்லை.

"அண்ணா, எனக்கு ஊத்துங்கோ!" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று பார்த்தால், நான். வீரம் என்று நினைக்க வேண்டாம். எனக்குச் சர்க்கரை வியாதி; எதிர்வரிசையில் மனைவி; இதைவிட நல்ல சாக்கு எப்போது கிடைக்கும்? வழித்துக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டேன். பக்கத்து இலைக்காரர் கேட்டார். அவருக்கு அடுத்தவரும் கேட்டார். வாளி காலியாகிறதே என்று மாமாவுக்குக் கவலை பிறந்தது.

"ஓய், இங்கேயும் கொஞ்சம்" என்று கையை மெல்ல விலக்கினார். காண்டிராக்டர் உள்ளே போய் அடுத்த வாளியை அனுப்பினார்.

கை கழுவப் போனபோது அண்ணா குழாயைத் திருக முடியாமல் நின்றுகொண்டிருந்தார். திறந்துவிட்டேன்.

"அண்ணா, அடுத்த கல்யாணம் எங்கே?"

சத்தியமாகப் பாயசத்துக்காகக் கேட்கவில்லை. மனைவி நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்.