கல்யாணத்தில் சனி வாசித்த கிரக மாஸ்டர்

கிரக மாஸ்டரின் பாட்டைக் கேட்காதவர்கள் பதுளைப் பக்கம் ஒருவரும் இல்லை. முழுதாகக் கேட்டவர்களும் ஒருவரும் இல்லை.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசையின் கடைசி அறையில் இருந்தார். நான் அப்போது வெலிமடை லொறியில் வரும் லீக்ஸ் மூட்டைகளைப் பசறைச் சந்தையில் இறக்கிக்கொண்டிருந்தேன். படுக்க இடமில்லை. தனக்குச் சுருதிப்பெட்டி போட்டால் தன் அறையில் படுக்கலாம் என்றார். போட்டேன்.

மற்ற வித்வான்கள் சாமி மேல் கீர்த்தனை செய்வார்கள். இவர் கிரகங்கள் மேல் செய்து வயலினில் வாசிப்பார். பதுளை பஜாரில் வாங்கிய பைனாகுலரில் ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. வானத்துக்கு ஒரு கண் போதும் என்பார். பார்த்துக்கொண்டிருக்கையில் பனிமூட்டம் கிரகத்தை மறைத்தால், பாட்டிலும் அந்த இடத்தில் மௌனம் வைத்துவிடுவார். எங்கள் மலையில் பனிமூட்டத்துக்குக் குறைவில்லை.

அந்த மௌனங்கள்தான் வினை. கொஸ்லந்தையில் மாதா கோயில் திருநாளன்று ‘வெள்ளி’ வாசித்தார். முதல் மௌனத்திலேயே பாதர் எழுந்து ஆசீர்வாதம் கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முருகன் கோயிலில் ‘செவ்வாய்’ நின்ற இடத்தில் லவுட்ஸ்பீக்கர்காரர் சினிமாப் பாட்டைப் போட்டார். மாஸ்டர் யாரையும் திட்டவில்லை. அதற்குள் அவருக்கு நெஞ்சுவலி ஒருமுறை வந்து போயிருந்தது.

“ஒரே ஒரு தடவ யாராச்சும் கடைசி வரைக்கும் ஒக்காந்து கேட்டாப் போதும்பா,” என்றார்.

பிறகு தோட்டத்துக் கங்காணி மகளின் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாஸ்டர் புதிய உருப்படியை எடுத்தார். அது மெதுவாக, மிக மெதுவாகப் போய் முதல் மௌனத்தில் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மரியாதையாகக் கேட்டார்.

“நல்லா இருக்குங்க. இது என்ன பாட்டுங்க?”

“சனிங்க. அதான் மெதுவாப் போகுது.”

அடுத்து வந்த மௌனம் மாஸ்டர் வைத்ததல்ல. தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“கல்யாண வீட்டுல சனியக் கூப்பிட்டு ஒக்கார வச்சிருக்கியா? எந்திரிங்க ரெண்டு பேரும்.”

நான் எழுந்துவிட்டேன். எழுந்து போகச் சொல்லிக் கேட்டுப் பழகியவன். மாஸ்டர் வில்லை மடியில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மணவறையிலிருந்து கல்யாணப் பெண் பேசினாள்.

“மாமா, வந்த சனியப் பாதியில நிறுத்துனா அது எங்க போவும்? எங்க கூடத்தானே நிக்கும். முழுசா வாசிச்சு அனுப்பிவிடச் சொல்லுங்க.”

தாய்மாமன் யோசித்தார். ஏழரையே ஆனாலும் முடிந்தால்தானே விடிவு. வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

“வாசிங்க மாஸ்டர். எதையும் விட்டுறாதீங்க.”

சனி வெளியேற வசதியாக மண்டபத்துக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். போனில் வீடியோ எடுத்தவர்கள், சனி போனுக்குள் வந்து தங்கிவிடும் என்று நிறுத்திக்கொண்டார்கள். பந்தி நின்றது. சோறு ஆறியது. ஒவ்வொரு மௌனத்திலும் போய்விட்டதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, யாரும் அசையவில்லை. கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கியபோது மண்டபமே பெருமூச்சு விட்டது. மாஸ்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் திருத்தவில்லை.

எந்த ஊரிலும் பாதியில் கிளம்பிவிடுகிறவன் நான். அந்த லயத்து அறையில் மட்டும், மாஸ்டர் இருந்தவரைக்கும் இருந்தேன்.