குச்சியும் என் பின் மட்கார்டும்

ராமேஸ்வரம் தீவிலேயே, அடுத்தவன் வண்டி அழுக்கை நினைத்துத் தூக்கம் கெடுகிற ஒரே ஆள் குச்சிதான். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும், யார் படித்தார்கள்? அக்காள்மடத்தில் வாட்டர் சர்வீஸ் கடை. காதில் வேலிக்கருவை முள், சட்டைப் பையில் தேய்ந்த பல் பிரஷ், இடுப்பில் கோழி இறகு. தண்ணீர் பீய்ச்சும் மிஷின் மூலையில் கிடக்கும். "பைப்புத் தண்ணி மூஞ்சியத்தான் கழுவும். காதுக்குள்ள கழுவுமா?" என்பார்.

கல்யாண வீட்டில் பந்திக்கு வரமாட்டார். வாசலில் நிற்கிற பைக்குகளுக்கு நடுவில் குத்தவைத்து நோண்டிக்கொண்டிருப்பார். ஒரு முறை ரயில்வே கேட்டில், முன்னால் நின்றவன் பைக் இன்ஜின் இடுக்கில் முள்ளை விட்டுவிட்டார். கேட் திறந்தது. அவன் முள்ளோடு போய்விட்டான். குச்சி பாம்பன் பாலம் தாண்டித் துரத்தினார், முள்ளுக்காக.

இந்த ஆளிடம் போய், பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு என் வண்டியை விட்டேன். பெண்ணுக்குச் சிக்கல் என்கிற ஊர், விவசாயக் குடும்பம். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஏற்கெனவே பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி பெண் தேடமாட்டேன் என்று அய்யா சொல்லிவிட்டார். வீட்டாட்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளை சொந்த வண்டியில் வருவார் என்று மாமா அங்கே பீற்றி வைத்திருந்தார்.

"அண்ணே, மேலாப்ல ஒரு அலசு போதும். ராகுகாலத்துக்கு முன்னாடி சிக்கல்ல இருக்கணும்" என்றேன்.

டீ குடித்துவிட்டு வந்தால், செயின் கவர், சைலன்சர், சீட்டு எல்லாம் தார்ப்பாயில் கருவாடு மாதிரி காய்கிறது. குச்சி அடியில் மல்லாந்து கிடக்கிறார்.

"ஏலே, செயின் கவருக்குள்ள ஒரு கடற்கரையே கெடக்கு. ஒனக்கு வெக்கமா இல்ல?"

எங்கள் பக்கம் உப்புக்காற்றுக்குப் பயந்து வண்டி அடியில் கழிவு ஆயிலைப் பூசுவோம். அதில் மணல் ஒட்டும். அதன்மேல் மறுபடி ஆயில். நாளாவட்டத்தில் தார் ரோடு மாதிரி இறுகிவிடும். அந்த ரோட்டை டீசலில் ஊறவைத்து, முள்ளால் கீறி, பிரஷால் தேய்த்து, இறகால் துடைத்தார். கடைசியாகப் பின் மட்கார்டுக்கு அடியில் கைவிட்டார். அழுக்கு கட்டியாக வந்தது. கூடவே மட்கார்டும் வந்தது, நம்பர் பிளேட்டோடு.

இரும்பை உப்பு எப்போதோ தின்றுவிட்டது. அதுவரைக்கும் அழுக்குதான் தாங்கிப் பிடித்திருக்கிறது.

"பாத்தியா, அழுக்கு சுத்தமாப் போயிருச்சு."

"யோவ், வண்டியும் போயிருச்சுய்யா! என் கல்யாணமும் போயிருச்சு!"

அவர் முகம் விழுந்துவிட்டது. எழுந்து போய்த் தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். சேறு, சாணி, காக்கா எச்சம். அடியில் என்ன கலர் என்றே தெரியவில்லை.

"என்னண்ணே இது கோலம்?"

"ஊரான் வண்டியத் தொடைக்கவே நேரம் பத்தல. ஏறு, நானே கொண்டுபோயி விடுறேன்."

பாம்பன் பாலத்தில் காற்று எங்களைக் கடலுக்குள் தள்ளப் பார்த்தது. எப்படியோ ராகுகாலத்துக்கு முன் சிக்கல் போய்ச் சேர்ந்தோம். என் வெள்ளைச் சட்டை செம்மண் நிறம். மாமா வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பெண்ணின் அப்பா மொபெட்டைச் சுற்றி வந்து, சேற்றை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"வண்டி நல்லா ஒழைக்குது. பளபளன்னு வந்திருந்தீகன்னா யோசிச்சிருப்பேன் மாப்ள. வேலவெட்டி இல்லாத பயதான் வண்டியத் தொடச்சுக்கிட்டே கெடப்பான். என்னண்ணே, நான் சொல்றது?"

கேட்டது குச்சியிடம். குச்சி காதிலிருந்த முள்ளை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஆமாங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. மாமனார் ஊரிலிருந்து வந்தால் இன்றைக்கும் அந்த மொபெட்டில்தான் போய்க் கூட்டி வருகிறேன். அதற்காகவே அதைக் கழுவாமல் வைத்திருக்கிறார் குச்சி. மொபெட்டைக் கடக்கும்போதெல்லாம் அவர் கை காதுக்குப் போகும். முள்ளை எடுப்பார். என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு முள்ளை மறுபடி காதிலேயே செருகிக்கொள்வார்.