லிஃப்டில் வந்த பெரியப்பா

டெல்லித் தமிழர்களில் முறையாகக் கோபப்படத் தெரிந்தவர் மிளகாய் சார் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் வருவது வெறும் எரிச்சல். கோல் மார்க்கெட் பக்கம், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைகள் போடும் சின்னப் பதிப்பகம் ஒன்றில் அவர் பிழை திருத்தினார். நான் பக்கம் வடிவமைத்தேன்.

என் கல்யாணப் பத்திரிகையை ஒன்பது திருத்தங்களோடு திருப்பித் தந்தவர். ஒன்பதும் சரி. என் மாமனார் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. முனிர்காவில் அவர் தெருவில், தமிழ் மாணவர்களுக்காக 'ரூம் வடகைக்கு' என்று ஒரு போர்டு தொங்கியது. ஸ்டூல் போட்டு ஏறித் துணைக்கால் வரைந்தார். வீட்டுக்காரர் ஓடிவந்து, "பையா, க்யா கர் ரஹே ஹோ?" என்று, என்ன செய்கிறீர்கள் என இந்தியில் கேட்டார்.

"உங்க மானத்தைக் காப்பாத்தறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இறங்கினார்.

அப்புறம் எங்கள் பதிப்பகத்துக்கு ஒரு நாவல் வந்தது. கதையில், டெல்லி துவாரகாவில் ஒன்பதாவது மாடி வீடு. ஆடி அமாவாசைக்கு, இறந்துபோன பெரியப்பாவுக்கு இலை போட்டுப் படைக்கிறார்கள். அவர் லிஃப்டில் ஏறி வந்து உட்கார்ந்து, குழம்பில் உப்பு இல்லை என்கிறார். பதினான்கு வயதுப் பெண் உப்பு எடுக்க ஓடுகிறாள். வீட்டில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மேனேஜர்தான் ஆச்சரியப்பட்டார். "அச்சா, கடைசில 'எல்லாம் கனவு'ன்னு ஒரு லைன் போட்டுடுங்க. செத்தவர் எப்படி வருவார்னு பசங்க கேப்பாங்க."

"வருஷா வருஷம் இலை போட்டுக் கூப்பிடறாங்க, வரார்" என்றார் மிளகாய் சார். "கூப்பிட்டவங்களுக்கே இல்லாத சந்தேகம் உங்களுக்கு எதுக்கு?"

மேனேஜர் என்னிடம் திரும்பினார். வேலை போய்விடுமோ என்று பயந்து அந்த வரியைச் சேர்த்தவன் நான்தான்.

நாவலை எழுதிய பள்ளி ஆசிரியை, நாங்கள் அனுப்பிய அச்சுப்படியைப் பார்த்துவிட்டுப் போனில் அழுதார். "எங்க வீட்டு வழக்கம் சார் அது. அதைப் போய்க் கனவுன்னுட்டீங்களே."

மிளகாய் சார் என் கையிலிருந்து போனை வாங்கினார். "நான் பாத்துக்கறேம்மா."

நேராக அச்சகத்துக்குப் போய், கடைசி நேரத்தில் அந்த வரியை எடுக்க வைத்தார். புத்தகம் வந்த வாரமே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அத்தனை வருஷம் உழைத்தவருக்கு ஒரு வாய் டீகூடக் கொடுக்கவில்லை. நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதில் பாதி என் மேல்.

பிள்ளைகளின் கடிதங்கள் வந்தன. பெரியப்பா எப்படி வந்தார் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் வருவாரா என்றுதான் கேட்டிருந்தார்கள். கடிதங்களை முனிர்காவுக்கு எடுத்துப் போனேன். மிளகாய் சார் எல்லாவற்றையும், ஒரு பிழையும் திருத்தாமல், படித்தார்.

இப்போதெல்லாம் யார் மேலாவது கோபம் வந்தால் அவருக்குத்தான் போன் செய்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து திட்டி முடித்தபின், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.