ஏசி குளிர்ந்தால் நிரபராதி

காவல் நிலையங்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கலாம். குழாய் சொட்டாத, மின்விசிறி கிறீச்சிடாத, சுவரில் விரல் அகலம்கூடக் காரை பெயராத காவல் நிலையம் ஒன்று உண்டென்றால், அது இந்த நிலையம்தான். இதற்காக அரசாங்கம் ஒரு காசு செலவழித்ததில்லை. எல்லாம் புலனாய்வுத் திறமையால் நடந்தது.

குழாய் சொட்டத் தொடங்கிய அன்றே ஏதாவது ஒரு சைக்கிள் திருட்டில் பிளம்பர் ஒருவர் மீது பலத்த சந்தேகம் விழும். மின்விசிறி நின்றால் எலெக்ட்ரீஷியன்கள் மத்தியில் குற்றங்கள் பெருகிவிடும். கூரை ஒழுகிய மழைக்காலத்தில் ஒரு கொத்தனாரின் நடமாட்டம் மிகவும் மர்மமாக இருந்தது. இவர்களில் யாரையும் கைது செய்ததில்லை. 'சும்மா விசாரிக்க' அழைத்து வருவார்கள். வரும்போது கையோடு சாமான் பையைக் கொண்டுவரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

வெயில் கொளுத்திய ஒரு நாள் காலையில் இன்ஸ்பெக்டர் அறை ஏசி உயிரை விட்டது. அடுத்த சில நிமிடங்களில் ஓர் ஏசி மெக்கானிக் சந்தேகத்துக்கு உள்ளானார்.

செய்தி கேட்டு ஓடி வந்தவள் அவருடைய தங்கச்சி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சட்டம் படித்து முடித்துவிட்டாள், கறுப்புக் கோட்டுதான் இன்னும் தையல்காரரிடம் இருந்தது. சாம்பாரில் உப்புக் குறைகிறது என்று அவள் சொன்னால்கூட, "வக்கீலம்மா கேஸ் போடப் போறாங்க" என்று வீட்டில் சிரிப்பார்கள். அவளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அண்ணனுக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நேரில் போய்ச் சேரவில்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வாசல் மேஜையில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். கனிவானவர். அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வெயிலைப் பற்றி வருத்தப்பட்டார். அவள் தண்ணீரைத் தொடாமல் ஒப்பிக்கத் தொடங்கினாள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், ஒரு நாளுக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். ஏட்டு கண்ணை மூடிக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்.

"அருமையாப் படிச்சிருக்கம்மா. ஆனா அதெல்லாம் கைதானவங்களுக்கு. உங்கண்ணன யாரு கைது பண்ணா?"

"அப்ப நான் கூட்டிட்டுப் போறேன்."

"அது முடியாதே. சந்தேகம் இன்னும் தீரலையே."

"என்ன சந்தேகம்?"

ஏட்டு எழுந்து போய் இன்ஸ்பெக்டர் அறைக் கதவை லேசாகத் திறந்து, கையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொஞ்சம் தீர்ந்திருக்கு. ஆனா காத்துதான் வருது, குளுமை வரல."

கதவிடுக்கில் அண்ணன் தெரிந்தார். ஏணி மேல் நின்று ஏசியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். கீழே இன்ஸ்பெக்டர் ஃபைலால் விசிறிக்கொண்டே, ஒரு குற்றவாளி என்றால் இப்படித்தான் தூசியைத் துடைத்து வேலை செய்ய வேண்டும் என்று பாராட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி ஏணியடிக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, நல்லா செஞ்சு தொலைக்காத. போன வாரம் இங்க வந்த பிளம்பர் குழாயைத் திருகி உடைச்சாராம். அப்பவே நிரபராதின்னு துரத்தி விட்டுட்டாங்க."

"ஒரு வேலையக் கையில எடுத்துட்டு அரைகுறையா விட்டா எனக்குத் தூக்கம் வராது, பாப்பா. நீ வெளிய இரு, இதோ முடிஞ்சிரும்."

முடிந்தது. அறை ஜில்லென்று ஆனது. இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைத் தளர்த்தி, கண்ணை மூடி, அண்ணன் மீது படிந்திருந்த களங்கம் அனைத்தும் நீங்கிவிட்டதாக அறிவித்தார். நேர்மையான உழைப்பாளி என்று தோளில் தட்டினார். தங்கச்சி சாமான் பையைத் தூக்கிக்கொண்டாள். இப்போது ஆட்டோ பிடித்தால்கூட ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசப் பேச அவர் முகம் கடமையால் இறுகியது. போனை வைத்துவிட்டு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஃப்ரிட்ஜும் பாப்பியா?"

"பாப்பேன் சார்," என்றார் அந்த அப்பாவி.

வழக்கில் புதிய கோணம் ஒன்று தெரிய வந்திருப்பதாக ஏட்டு அவளுக்கு விளக்கினார். மேல் விசாரணை இன்ஸ்பெக்டர் வீட்டுச் சமையலறையில் நடக்கும். அவள் மறுபடியும் சட்டத்தை முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை கத்திச் சொன்னாள். யாரும் கோபப்படவில்லை. மரியாதையான நிலையம். அண்ணனை ஜீப்பில் முன் இருக்கையில் உட்கார வைத்து, அவள் கையிலிருந்த சாமான் பையை வாங்கி, ஏணியோடு சேர்த்துப் பின்னால் பத்திரமாகக் கட்டினார்கள்.

ஜீப் கிளம்பிப் போன பிறகும் அவள் அந்த வாசலை விட்டு நகரவில்லை. வெயில் சாய்ந்தது. அண்ணன் அவளிடம் கொடுத்துப் போயிருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் மிகவும் பணிவாக, அடுத்த ஆள் வந்து சேர்ந்துவிட்டார், மன்னிக்கவும் என்றாள்.

அவள் போனைத் தன் கைப்பைக்குள் போட்டாள். நேராக ஏட்டு முன்னால் போய் நின்றாள்.

"என்னையும் சந்தேகப்படுங்க."

"எதுக்கும்மா?"

"பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கொத்தனார்னு தொழில் தெரிஞ்ச எல்லாரையும் பிடிச்சு உக்கார வைக்கிறீங்கல்ல. எனக்குச் சட்டம் தெரியும். நான் மட்டும் என்ன தொக்கா? என்னையும் பிடிச்சு உள்ள வைங்க."

ஏட்டு அவளை அலட்சியப்படுத்தவில்லை. சொட்டாத குழாயைப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பளிச்சென்ற சுவர்களை மூலைக்கு மூலை நிதானமாகப் பார்த்தார். மனசறிந்து பொய் சொல்லாத மனிதர் அவர்.

"அப்படியெல்லாம் யாரையும் கண்டபடி பிடிக்க மாட்டோம்மா. இங்க இருக்கற சாமான் எதாவது ரிப்பேரானாத்தான் ஆளைப் பிடிப்போம்," என்றார். "சட்டம் இங்க இருந்தாத்தானே ரிப்பேராகும்?"