வியாழக்கிழமைப் பூவன்

எது ஏறினாலும் அது எந்த இடத்தில் திரும்பி இறங்கும் என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், நான்கு சுவரும் ஓதம் பூத்த லாட்ஜ் ஒன்றில், என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

மைனஸ் சார். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். சொந்தப் பெயரை லாட்ஜ் மேனேஜரே மறந்துவிட்டார். இருபடிச் சார்பில் ஒரு பையன் மைனஸ் குறியை விட்டால், மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் அவர் போடும் மார்க் பூஜ்யம்தான். "மைனஸ் போனா மலை பள்ளமாயிடும்யா. பள்ளத்துல நின்னுக்கிட்டு உச்சியில நிக்கிறேன்னு சொல்லுவியா?" என்பார்.

நல்ல சேதி எது சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றே: "முனை எப்ப?" முனை என்றால் பரவளையம் என்கிற வளைகோடு திரும்பும் புள்ளி. அவருடைய உலகத்தில் எல்லாப் பரவளையங்களும் கவிழ்ந்தே கிடந்தன. ஏறும், முனையில் ஒரு கணம் நிற்கும், பிறகு சரிவு. மூன்றாம் கட்டில் காதர், அதிராம்பட்டினத்துக்காரன், செல்போன் கடையில் வேலை. தனக்கு நிக்காஹ் நிச்சயமானதைச் சொல்லி அல்வாவை நீட்டினான்.

"சந்தோஷம் தம்பி. கல்யாணம் ஆனதும் மாசத்துக்கு ஒரு மார்க்னு மூணு மார்க் குடுங்க. முனை எப்பன்னு சொல்லிடறேன்."

"அல்வாவத் திருப்பிக் குடுங்க சார்."

அவர் ஒருமுறை பூவன் வாழைத்தார் ஒன்றை வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் கட்டினார். திங்கள் மாலை ஒரு பழம் தின்று, ருசிக்குப் பத்துக்கு ஒன்று போட்டார். செவ்வாய் ஆறு. புதன் ஒன்பது. முதலில் ஐந்து ஏறியது, அடுத்து மூன்றுதான். ஏற்றம் குறைகிறது, ஆகவே கவிழ்ந்த பரவளையம். காலண்டர் தாளின் பின்புறம் எழுதினார்: ஏ மைனஸ் ஒன்று, பி ஆறு. மைனஸ் பி பை டூ ஏ. விடை மூன்று. திங்களைப் பூஜ்யமாக வைத்தால் மூன்று வியாழன். ருசி, பத்துக்குப் பத்து.

வியாழனன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, கை கால் கழுவி, நெற்றியில் விபூதியோடு வந்தார். கம்பியில் வெறும் காம்பு ஆடிக்கொண்டிருந்தது. காதரும் நானும் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"முனையத் தின்னுட்டீங்களேய்யா" என்றார். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வானம் ஈரச் சாக்கு மாதிரி ஊரின் மேல் கிடந்தது. திருப்பனந்தாள் பக்கத்தில் அண்ணன் குத்தகைக்கு எடுத்த வயலில், நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர். வடிகால் நிரம்பி எதிர்த்துக்கொண்டு, தண்ணீர் வெளியேற மறுத்தது. வரப்போரம் குச்சி நட்டு, விரற்கடைக் கணக்கில் தினமும் மாலை போனில் சொல்வான். திங்கள் ஐந்து. செவ்வாய் பன்னிரண்டு. புதன் இருபத்தொன்று.

"நுனி மட்டுந்தான்டா தெரியுது" என்றான் ஸ்பீக்கரில். "இதுவும் போச்சுன்னா சிங்கப்பூர்தான். அண்ணிகிட்ட இன்னும் சொல்லல. எம் பொண்ணு சின்னவ வேற தெனமும் கூடவே வயலுக்கு வர்றா."

போனை வைத்தேன். சார் கட்டிலை விட்டு எழுந்தார். கேட்காமலே காலண்டர் தாள் கிழித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்று இறங்கும் என்று அவர் சொல்ல மாட்டாரா என்று நான் ஏங்கினேன்.

எழுதினார். தாளை நீட்டினார். ஏ மைனஸ் ஒன்று, பி ஆறு. முனை, மூன்று.

"நாளைக்கு முனை. அதுக்கப்புறம் எறக்கந்தான். அண்ணனுக்குச் சொல்லுங்க. தூங்குங்க."

ஏழு ஏறியது, அடுத்த நாள் ஒன்பது ஏறியது. ஏற்றம் கூடுகிறது என்பது கணக்கில் தோற்ற எனக்கே தெரியும். அங்கே மைனஸுக்கு வேலையே இல்லை. பிளஸ்தான்; இனி ஏறிக்கொண்டேதான் போகும். முனையின் உயரத்தை அவர் போடவில்லை. போட்டிருந்தால், வயலில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரைவிடக் குறைவாக வந்து மானத்தை வாங்கியிருக்கும். ஒரு குறிக்காக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அழவைத்த மனிதர், தாளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குச் சொன்னேன். "வாத்தியாரே சொல்லிட்டாரா?" என்றான். அவன் குரலுக்குக் கொஞ்சம் தரை கிடைத்தது. நானும் தூங்கினேன்.

வியாழன் மதியம் வயலும் வரப்பும் ஒரே ஏரி. குச்சியும் தெரியவில்லை என்றான் அண்ணன். தை பிறந்ததும் அவன் விமானம் ஏறினான்.

அந்த வியாழன் மாலை சார் நனைந்துகொண்டே வந்து, என் கட்டிலில் ஒரு சீப்புப் பூவனை வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"சாப்பிடுங்க. இதுக்கு முனை இன்னைக்குத்தான்."

பச்சைக் காய். நாக்கெல்லாம் துவர்த்தது.

"பத்துக்குப் பத்து சார்" என்றேன்.