அனுமதியின்றிப் பின்வாங்கிய கை

ஒரே ஒரு ஊர். அந்த ஊரிலே ஒரே ஒரு சான்றிதழ் அலுவலகம். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் மனசு என்று ஒன்று இருப்பதாகப் போன வருடம்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

கடிதத்தைப் படித்த இயக்குநர் அதை இரண்டு நாள் இழுப்பறையில் பூட்டிவைத்தார். மூன்றாம் நாள் ஆளுமை அலுவலர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, தட்டச்சுப் பிரிவிலிருந்த ஓர் அம்மாளை அதில் உட்காரவைத்தார். அந்த அம்மாள் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், அறுபது கேள்விகளும் நாலு நிறத்தில் அட்டைகளும் கொண்டுவந்தார். பதில் எழுதினால் குணம் தெரிந்துவிடும். சீக்கிரம் பதறுகிறவருக்குச் சிவப்பு. கலகலப்பானவருக்கு மஞ்சள். யோசித்துக்கொண்டே இருப்பவருக்குப் பச்சை. எதற்கும் அசையாதவருக்கு நீலம். அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். அலுவலக நேரத்தில் குணம் மாறக் கூடாது.

ஒரு மஞ்சள் அட்டைக்காரர், மாமனார் தவறிப்போன சேதி வந்த பிறகும் சாயங்காலம் ஐந்து மணிவரை சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். சிவப்பு அட்டைக்காரர்களை ஏழு மணி நேரப் பஸ் பயணத்தில் இருந்த கிளை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே பதறுவதற்கு ஒன்றுமே கிடையாது, அதனால் உடம்புக்கு நல்லது என்று உத்தரவில் காரணமும் எழுதியிருந்தது.

தபால் பிரிவில் ஒருவர் இருந்தார். முக்கியமான உறைகளின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையைக் குத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே சின்ன அடுப்பு. எல்லோரும் அவரை அரக்கு அண்ணன் என்பார்கள். ‘வெளியே மழை பெய்கிறது, என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு அவர் ‘நனைவேன்’ என்று எழுதியிருந்தார். அடர்நீலம் கொடுத்துவிட்டார்கள்.

அவருக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. அவர் கவலை வேறு. மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். தினமும் மதியம் ஒரு மணிக்குப் பின்தெருவில் இருந்த வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து இருபது அடி நடக்கவைக்க வேண்டும். ஒருநாள் விட்டாலும் கால் விறைத்துப்போகும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லியிருந்தார். “நீங்க வந்து பிடிச்சாத்தான் இந்தக் கால் எந்திரிக்குது. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது” என்பாள் மனைவி.

வருடம் முடிந்தது. ‘இவ்வலுவலகத்தில் ஓராண்டு காலமாக எவரும் பதறவில்லை’ என்ற அறிக்கை மேலிடத்துக்குப் போக வேண்டும். முத்திரை விழுவதைப் பார்க்க இயக்குநரே தபால் பிரிவுக்கு வந்து மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரக்கு அண்ணன் அரக்கைச் சாய்த்தார். ஒரு சொட்டு உறையில் விழாமல், முத்திரையைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரலில் விழுந்தது.

கை வெடுக்கென்று பின்னால் வந்தது. முத்திரை பறந்து இயக்குநரின் முழங்காலுக்குக் கீழே பட்டது. இயக்குநரின் கால் தானாக மேலெழுந்து குப்பைக்கூடையை உதைத்தது. குப்பைக்கூடை போனதை யாரும் பார்க்கவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நீல அட்டைக்காரர்கள்.

மறுநாள் விசாரணை. இயக்குநர், ஆளுமை அம்மாள், அலுவலக மருத்துவர் மூன்று பேரும் மேசைக்கு அந்தப் பக்கம். அரக்கு அண்ணன் இந்தப் பக்கம்.

“கையை எடுக்கச் சொன்னது யாரு?” என்றார் இயக்குநர்.

“யாரும் சொல்லலைங்க ஐயா. சுட்டுச்சு, வந்துடுச்சு.”

“வந்துடுச்சா? அது என்ன விருந்தாளியா, தானா வர்றதுக்கு?”

ஆளுமை அம்மாள் அறுபது பதில்களையும் புரட்டினார். “ஐயா, அட்டை தப்பா இருக்க முடியாது. முத்திரை போட்டது. அப்ப கைதான் தப்பு.”

மருத்துவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இது அனிச்சைச் செயல் ஐயா. சூடு பட்டா சேதி நரம்பு வழியா முதுகுத்தண்டு வரைக்கும்தான் போகும். ‘எடு’ன்னு உத்தரவு அங்கேருந்தே வந்துடும். மூளைக்கு அப்புறமாத்தான் தெரியும்.”

இயக்குநரின் முகம் வெளுத்தது. “தலைமைக்குத் தெரியாமலா?”

“தெரிவிக்கும் ஐயா. கொஞ்சம் தாமதமா.”

“அனுமதிக்கா, தகவலுக்கா?”

“தகவலுக்குத்தான்.”

“எத்தனை நாளா இது நடக்குது?”

“பிறந்ததுலேருந்து.”

“இவருக்கு மட்டும்தானே?”

“எல்லாருக்கும்தான் ஐயா. இதயம்கூட யாரையும் கேட்டுத் துடிக்கிறதில்லை. நேத்து உங்க காலு…”

“என் காலைப் பத்தி இங்கே பேச்சில்லை டாக்டர்.”

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. ‘பணியாளர்களின் உடலுறுப்புகள் சில, தலைமையின் முன் அனுமதியின்றி நெடுங்காலமாகச் செயல்பட்டு வருவது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இனி அனிச்சைச் செயல்கள் அனைத்துக்கும் மூன்று படிகளில் விண்ணப்பிக்க வேண்டும். இதயத் துடிப்புக்கு மட்டும் இம்மாத இறுதிவரை தற்காலிக விலக்கு அளிக்கப்படுகிறது.’

திங்கட்கிழமை தும்மல் வந்தவர்களுக்கு வியாழக்கிழமை அனுமதி வந்தது. வாங்கிய அனுமதியைப் பயன்படுத்தாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். அதனால் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரும் நடைவழியில் வரிசையாக நின்று, மூக்கில் காகிதத் திரியை விட்டுக்கொண்டு, பெயர் கூப்பிடக் கூப்பிடத் தும்மினார்கள். சான்றிதழ் வாங்க வந்திருந்த பொதுமக்களும் இதுதான் புது வரிசை போலிருக்கிறது என்று பின்னால் நின்று தும்மிவிட்டுப் போனார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வரிசையைக் கண்டால் நிற்பதற்கு அவர்களுக்கு அனுமதி தேவைப்படவில்லை.

அரக்கு அண்ணனுக்கு மறுசோதனை என்று முடிவானது. கமிட்டி முன்னால் கையில் ஒரு சொட்டு அரக்கு விடுவார்கள். கை அசையாவிட்டால் நீலம். அசைந்தால் சிவப்பு, ஏழு மணி நேரப் பஸ்.

முந்தின நாள் மதியம் அவர் மனைவியை நடக்கவைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவள் பன்னிரண்டாவது அடியில் நின்றுவிட்டாள்.

“கிளைக்குப் போயிட்டா ஒரு மணிக்கு எப்படி வருவீங்க?”

“வர முடியாது.”

“அப்ப கையை அசைக்காதீங்க.”

“நானா அசைக்கிறேன்?”

“அதுகிட்ட சொல்லிவைங்க” என்றாள், அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

சோதனை பன்னிரண்டரை மணிக்கு. அதே மேசை. அரக்கு உருக்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் ஒரே ஆள்தான் என்பதால், குற்றம் சாட்டப்பட்டவரே அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஆளுமை அம்மாள் உருகும் அரக்குக் குச்சியை வாங்கிக்கொண்டார்.

“கையை எப்படி வைக்கணுங்க ஐயா?” என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டார் அரக்கு அண்ணன்.

“இதுகூடவா சொல்லித் தரணும்? இருபத்திரண்டு வருஷ சர்வீஸு!” இயக்குநர் தன் கையை மேசைமேல் நீட்டினார். “இப்படி வைக்கணும். அசையாம. மனசு தெளிவா இருந்தா சூடு ஒண்ணும் பண்ணாது. பாருங்க, என் கை…”

ஆளுமை அம்மாள் பார்க்கக் குனிந்தார், குச்சியும் கூடவே சாய்ந்தது. சொட்டு விழுந்தது.

இயக்குநரின் கை பின்னால் பறந்து, முழங்கை அலமாரிக் கதவில் இடித்தது. “ஐயோ அம்மா!” என்ற சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அடுப்பு தன்பாட்டுக்குச் சீறிக்கொண்டிருந்தது.

இயக்குநர் மெதுவாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “இப்ப என் கை அசைஞ்சதை யாராவது பார்த்தீங்களா?”

“இல்லையே ஐயா” என்றார் ஆளுமை அம்மாள். “மேசைதான் பின்வாங்கிச்சு.”

“சத்தம்?”

“அதுவும் மேசைதான். பழைய மரம், கத்தும்.”

எல்லோரும் மருத்துவரைப் பார்த்தார்கள். அவருடைய பணி நீட்டிப்புக் கோப்பு இயக்குநரின் அறையில் ஆறு மாதமாகக் கிடந்தது. “மருத்துவ ரீதியாப் பார்த்தா” என்றார் அவர், “மேசை நகர வாய்ப்பு இருக்கு.”

அரக்கு அண்ணன் அதிர்ந்து பேசிப் பழக்கமில்லாதவர். இருந்தாலும் வாயைத் திறந்தார். “ஐயா, அன்னிக்கும் இதே மேசைதாங்க.”

இயக்குநர் அவரையே பார்த்தார். பிறகு தன் சிவந்த கையைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

தீர்ப்பு ஐந்து வரிதான். கை நிரபராதி. அட்டை நீலமாகவே தொடரும். முன் அனுமதியின்றி இருமுறை பின்வாங்கிய குற்றத்துக்காக மேசைமீது நடவடிக்கை எடுக்கப்படும். மேலிட உத்தரவு வரும்வரை மேசையும் மேசைமேல் உள்ள பொருள்களும் சாட்சியங்கள். அவற்றைத் தொடுபவர் பதறியவராகக் கருதப்பட்டுக் கிளைக்கு அனுப்பப்படுவார்.

நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அரக்கு அண்ணனின் கையெழுத்துத்தான் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது.

மேசைமேல் உள்ள பொருள்களில் அடுப்பும் ஒன்று. அது நீலமாக, அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே, அன்றைக்கு முத்திரை விழாமல் கிடந்த அந்த அறிக்கை உறை. அதன் ஓரம் பழுப்பாகச் சுருள ஆரம்பித்தது.

“ஏதோ கருகுற மாதிரி…” என்றார் மருத்துவர்.

“பதறாதீங்க டாக்டர், உடம்புக்கு ஆகாது” என்றார் ஆளுமை அம்மாள்.

மணி ஒன்றாகப் போகிறது. மாடிகளிலிருந்து எல்லோரும் சாப்பிட இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். புகையை முகர்ந்தவர்கள் அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிதானமாக நடந்தார்கள். இருமல் வந்தவர்கள் படிவம் இல்லாததால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இயக்குநர் போனார். ஆளுமை அம்மாள் போனார். மருத்துவர் வாசல்வரை போய், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, போனார்.

அரக்கு அண்ணன் மட்டும் நின்றார். அவருக்குத் தெரியாமலே அவர் கை அடுப்பின் திருகை நோக்கிப் போனது. இருபத்திரண்டு வருடமாக அது அப்படித்தான் போகும், யாரையும் கேட்காது.

பாதி வழியில் நின்றது.

முதல் தடவையாக அந்தக் கை, தலையைக் கேட்டது. தலை ஏழு மணி நேரப் பஸ்ஸை நினைத்தது. பன்னிரண்டாவது அடியில் நின்றவளை நினைத்தது. வேண்டாம் என்றது.

கை கேட்டுக்கொண்டது. அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, அவர் பின்தெருப் பக்கம் நடந்துபோனார்.